வடக்கு கேலரிக்கு வைத்த பெயர்

போன வாரம் மைதானத்து வடக்கு கேலரியின் நெற்றியில் ஏறிய உலோக எழுத்துகளை, இந்தச் சனிக்கிழமை விடிவதற்குள் யாரோ சிவப்புப் பெயின்ட்டால் குளிப்பாட்டிவிட்டார்கள்.

செய்தியைக் கொண்டுவந்தவன் சின்னவன். காலை ஓட்டத்துக்குப் போனவன் பாதியில் திரும்பி, ஷூவைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் மூச்சு வாங்க நின்றான்.

"ஏணி வச்சு ஏறி ஊத்தியிருக்காங்க. அப்பா பேர்ல ஒரு எழுத்துகூட பாக்கி இல்ல."

பெரியவள் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் போட்டாள். அம்மா அடுப்புப் பக்கம் பார்த்தபடியே நின்றாள்.

"போலீஸ் வந்துச்சா?" என்றாள் பெரியவள்.

"வந்துச்சு. கீழ நின்னு அண்ணாந்து பாத்துட்டு, நல்ல கம்பெனி பெயின்ட்டுன்னு சொல்லிட்டுப் போச்சு."

இவர்களைப் புதிதாகச் சந்திப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போகலாம். இந்த வீட்டின் அப்பா போன வருடம் இறந்துபோனார். ஆற்றோரத்து மில் தெருக்காரர்கள் ஆரம்பித்த கால்பந்து கிளப்புக்கு வாழ்நாளெல்லாம் கோல்கீப்பராக நின்றவர். 'சுவர்' என்றால்தான் ஊருக்குத் தெரியும். பந்து அவரைத் தாண்டாது என்பது அதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவருடைய சொந்தப் பெயரைச் சொல்ல மில் தெருவில் ஒருவருக்கும் நாக்கு எழாது.

எழுபது வருடங்களுக்கு முன்னால் அதே பெயரில் ஒரு தளபதி இருந்தார். கூலி உயர்வு கேட்டு ஆற்றுப்பாலத்தின் மேல் நடந்துவந்த மில் தொழிலாளர்களைச் சுடச் சொன்னவர். அன்றைக்கு இழவு விழாத வீடு மில் தெருவில் இல்லை. பள்ளிப் பாடத்தில் அவர் எல்லையைக் காத்த மாவீரர். மில் தெருவில் அவர் பெயரைச் சொன்னால் அழுகிற பிள்ளை வாயை மூடும்.

கிளப்பின் செயலாளர் வெளியூர்க்காரர், பதவிக்குப் புதியவர். 'சுவர் கேலரி' என்று வைக்கலாமே என்று நாலு பேர் சொன்னதற்கு, "சுவருக்குச் சுவர்னு பேர் வச்சா ஊரே சிரிக்கும். முழுப் பேரைப் போடறதுதான் மரியாதை" என்று சாதித்துவிட்டார். போதாக்குறைக்கு, அப்பாவின் பெயர்தான் சின்னவனுக்கும். கோல் வாயில் அப்பா நின்ற இடத்தில் இப்போது நிற்பவனும் அவன்தான். மில் தெரு அவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அப்பா சுவர் என்றால் பிள்ளை குட்டிச்சுவர் என்று கேலியாக ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது.

சின்னவன் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு சுவரொட்டியை எடுத்து மேசையில் விரித்தான். ஓரங்களில் பசை இன்னும் ஈரமாக இருந்தது.

"ரயில் நிலையத்துலேர்ந்து மைதானம் வரைக்கும் இதை ஒட்டியிருக்காங்க."

மேலே கொட்டை எழுத்தில், 'ஒரே பெயர்! மூன்று வீரர்கள்!' கீழே மூன்று படங்கள். நடுவில் பெரிதாக, தொப்பியும் வாளுமாகத் தளபதி. ஒரு பக்கம் அப்பா. மறுபக்கம், அதே பெயர் கொண்ட, வேறொரு நகரத்தில் வசிக்கும் பழைய பளுதூக்கும் வீரர். அடியில், 'இன்று மாலை வடக்கு கேலரியில் திரள்வோம்' என்று இருந்தது. தளபதியின் பெயரில் சங்கம் வைத்து, வருடாவருடம் அணிவகுப்பு நடத்துகிறவர்களின் வேலை.

பெரியவள் குனிந்து பார்த்தாள். "அப்பாவுக்கு எப்போ இவ்வளவு பெரிய மீசை முளைச்சுது?"

படங்கள் இடம் மாறியிருந்தன. அப்பாவின் பிறந்த வருடத்துக்கு மேல் பளுதூக்குபவரின் முறுக்கு மீசை விறைத்துக்கொண்டு நின்றது. அப்பாவின் ஒல்லி முகத்துக்குக் கீழே 'இரும்பைத் தூக்கிய சிங்கம்' என்று போட்டிருந்தது.

சின்னவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்பாவா? ஒரு அரிசி மூட்டையைத் தூக்கணும்னா பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடற ஆளு!"

அம்மாவும் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். பிறகு நடுவில் இருந்த படத்தில் அவள் கண் விழுந்தது. சிரிப்பு வந்த வேகத்தில் போய்விட்டது.

"மடிச்சு வை. சாப்பிடற மேசையில அது வேணாம்."

தொலைபேசி அடித்தது. பெரியவள் எடுத்தாள். வானொலியில் விளையாட்டுச் செய்தி வாசிப்பவள் அவள். போட்டி நாட்களில் மைதானத்து மைக்கும் அவள் கையில்தான். தம்பி அவளைக் கூப்பிடுவதே 'ரேடியோ' என்றுதான்.

"யாரும்மா, ரேடியோப் பொண்ணா?" எதிர்முனையில் வயதான, கரகரத்த குரல். "பேரைச் சொன்னா உனக்குத் தூக்கிவாரிப் போடும். நான் இரும்பு தூக்கினவன் பேசறேன்."

"ஐயா, உங்க மீசை இப்போ எங்க மேசையிலதான் இருக்கு."

"பாத்தேன், பாத்தேன். ராத்திரியே எங்க ஊர்லயும் ஒட்டிட்டாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம போட்டுட்டாங்கம்மா. விடியக்காலையில என் வீட்டு ஜன்னல்ல கல்லு விழுந்துச்சு. கொலைகாரன் வம்சம்னு கத்திட்டு ஓடினாங்க. எங்கப்பா தையல்காரரும்மா! எதிர்வீட்டுப் பையன் பேரு நல்லாருக்கேன்னு எனக்கும் வச்சாரு. அவ்வளவுதான் எங்க வம்சக் கதை."

"எங்களுக்கும் அந்த ஆளுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல ஐயா. ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னால மைக்ல அதைத்தான் சொல்லப் போறேன்."

"சொல்லும்மா. முடிஞ்சா என்னையும் சேத்துச் சொல்லிடு. கண்ணாடி விக்கற விலையில இன்னொரு கல்லு தாங்காது."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அம்மா அதன் எதிரிலேயே, அதைப் பார்த்தபடியேதான் நின்றுகொண்டிருந்தாள். அணைக்க அவளுக்குக் கை வரவில்லை.

* * *

மதியம் உடை மாற்றும் அறையில் செயலாளர் சின்னவனைத் தனியாக அழைத்தார். வியர்வையில் அவருடைய சட்டைக் காலர் கழுத்தோடு ஒட்டியிருந்தது.

"தம்பி, இன்னிக்கு ஒருநாள் நீ உக்காந்துக்கோயேன். வடக்கு கேலரி டிக்கெட் மொத்தத்தையும் அந்தச் சங்கத்துக்காரங்களே வாங்கிட்டாங்க. நமக்குத் தெரியாமப் போச்சு. முதுகுல அந்தப் பேரோட நீ இறங்கினா..."

"எங்கப்பா பேர்ல கேலரி திறக்கற அன்னிக்கு நான் பெஞ்சுல உக்காரவா சார்?"

செயலாளர் பதில் தேடுவதற்குள் கதவைத் தட்டாமல் டிரம் அண்ணன் உள்ளே வந்தார். மில் தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். கிளப்பின் ஆட்டம் எதுவானாலும் தெற்கு கேலரியின் முதல் வரிசையில் அவருடைய டிரம் இருக்கும். அப்பாவின் கடைசி ஆட்டத்தில் அவர் அடித்த அடியில் தோலே கிழிந்துபோனது என்பார்கள்.

"நீ நில்லுடா குட்டிச்சுவர்," என்றார். "நாங்க இருக்கோம்."

"நம்ம ஆளுங்களே கோபமா இருக்காங்களாமே அண்ணே. பெயின்ட்டு கூட..."

"அது நம்ம தெருப் பசங்க வேலைதான். மறைக்க என்ன இருக்கு?" டிரம் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்தார். "எங்க தாத்தா அந்தப் பாலத்துல விழுந்தாரு. உங்கம்மாவோட தாத்தா அவருக்குப் பக்கத்துல விழுந்தாரு. எங்களுக்கு அந்தப் பேரை எழுத்துல பாத்தா வயிறு எரியுது. ஆனா உங்கப்பன் என்ன பண்ணுவான், யாரோ வச்ச பேரு. உங்கக்கா இன்னிக்கு மைக்ல, சம்பந்தமே இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். போதும். நம்ம ஆளுங்க அடங்கிடுவாங்க. நாளைக்கு நானே ஏணி போட்டுப் பெயின்ட்டைத் துடைக்கறேன்."

சின்னவன் சிரித்தான். காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் இறங்கிய மாதிரி இருந்தது அவனுக்கு.

* * *

கிளப்பின் சலவை அறை வடக்கு கேலரிக்கு நேர் அடியில் இருக்கிறது. மேலே இருக்கும் படிக்கட்டுகள்தான் அந்த அறைக்குக் கூரை. ஒரு பக்கம் நிமிர்ந்து நிற்கலாம், மறுபக்கம் குனிந்துதான் போக வேண்டும். அம்மா கல்யாணத்துக்கு முன்பே அங்கே வேலைக்குச் சேர்ந்தவள். சேறு படிந்த ஜெர்சிகளில் எது யாருடையது என்று பார்க்காமலே சொல்லிவிடுவாள்.

அன்றைக்கு அவள் கோல்கீப்பரின் மஞ்சள் ஜெர்சியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது.

சாம்பல் நிறக் கோட்டு, மெருகு போட்ட ஷூ, கையில் வெள்ளைப் பூங்கொத்து. தளபதி சங்கத்தின் தலைவர். தலை இடிக்காமல் கவனமாகக் குனிந்து உள்ளே வந்தார்.

"உங்களுக்கு மரியாதை செய்யணும்னு ரொம்ப நாளா ஆசைம்மா."

"எனக்கா? எதுக்கு?"

"நல்ல குடும்பத்துக்கு மருமகளா வந்தவங்க நீங்க. உங்க மாமனாரும் எங்கப்பாவும் அன்னிக்குப் பாலத்துல ஒரே வரிசையில நின்னவங்க. எங்கப்பா சாகற வரைக்கும் உங்க மாமனார் பேச்சுதான். முதல் குழந்தைக்குத் தளபதி பேரையே வச்சான் பாரு, அவன்தான் விசுவாசின்னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போவார்."

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை என்பதை அவர் கவனித்துக்கொண்டார்.

"உங்க மக சம்பந்தமில்லைன்னு படிக்கப் போறதாக் கேள்விப்பட்டேன். சின்னப் பொண்ணு, தெரியாமச் சொல்றா. அப்படிச் சொல்லிட்டா, நானே மேல போய் மைக்கை வாங்கி உண்மையைச் சொல்ல வேண்டியதாயிடும். எனக்கு அது பிடிக்காது. நீங்க மில் தெருப் பொண்ணு வேற. அந்த ஜனங்க உங்களை என்ன நினைப்பாங்க?"

பூங்கொத்தைத் துவைத்த துணிகளின் மேல் வைத்தார். வந்த மாதிரியே குனிந்து போனார்.

கொஞ்ச நேரத்தில் பெரியவள் வந்தபோது, அம்மா பூங்கொத்தை வாளித் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தாள். அமுக்க அமுக்க அது மேலே வந்தது.

"என்னம்மா பண்றே? யாரு கொடுத்தாங்க?"

"கதவைச் சாத்து."

பெரியவள் சாத்தினாள்.

"நீ மைக்ல படிக்கப் போறது பொய்," என்றாள் அம்மா. "உங்கப்பாவுக்கு அந்தப் பேரு தானா வரல. உங்க தாத்தா வச்சார். தளபதியோட பட்டாளத்துல இருந்தவர் அவர். பாலத்துல நின்னவர்."

மேலே யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பெரியவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"சுட்டாரா?"

"சுட்டார். நானே கேட்டேன். சொன்னார். அவர் படுக்கையில கெடந்தப்போ தூக்கி உக்கார வச்சு, சாப்பாடு ஊட்டினவ நான்தானே. ஒருநாள் ஸ்பூனைக் கீழ வச்சுட்டுக் கேட்டேன். கொஞ்சம்கூட வருத்தப்படல அந்த மனுஷன்."

"அவருக்கா நீ ஊட்டினே? உங்க தாத்தாவைச்..."

"பசின்னு ஒருத்தர் வாயைத் தொறந்தா என்ன செய்யறது?" அம்மாவின் குரல் முதல்முறையாக ஏறியது. "கல்யாணத்துக்கு முன்னாடியே உங்கப்பா எல்லாத்தையும் என்கிட்ட சொல்லிட்டார். பேரை மாத்திக்கறேன்னு கிளம்பினார். நான்தான் வேணாம்னேன். மாத்திட்டா அந்தப் பேரு அந்தக் கொலைகாரனுக்கே சொந்தமாப் போயிடும். நீங்களும் வச்சிருங்க, நல்லபடியா வாழுங்க, ஒருநாள் அந்தப் பேரைக் கேட்டா ஊருக்கு உங்க முகம்தான் ஞாபகம் வரும்னேன். எனக்கு அப்போ உன் வயசுகூட இல்ல. எல்லாம் முடியும்னு தோணின வயசு."

"டிரம் அண்ணனுக்குத் தெரியுமா?"

அம்மா தலையசைத்தாள். "ஒருத்தருக்கும் தெரியாது. இப்போ அந்த சாம்பல் கோட்டுக்காரருக்குத் தெரியும். நீ பொய் சொன்னா அவர் வாயால உண்மை வரும். அவர் வாயால வர்ற உண்மை எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாரு."

மைக்கில் படிக்கச் செயலாளர் எழுதிக் கொடுத்திருந்த தாளைப் பெரியவள் பார்த்தாள். அழகான கையெழுத்து. எத்தனை மடிப்பு மடித்தும் அது சின்னதாக மறுத்தது.

"தம்பிகிட்ட?"

"ஆட்டம் முடியட்டும். நான் சொல்லிக்கறேன்," என்றாள் அம்மா.

* * *

அறிவிப்பு அறை மேற்குப் பக்கம், எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. முன் கண்ணாடியில் மைதானம் முழுக்கத் தெரியும். பின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் மில் தெரு.

வடக்கு கேலரியில் ஒரே மாதிரித் தொப்பிகள், ஒரே மாதிரிக் கொடிகள். சிவப்பு வழிந்த எழுத்துகளுக்குக் கீழே அவர்கள் அடுக்கி வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். எதிரே தெற்குக் கேலரியில் மில் தெரு. கிழவிகள்கூட வந்திருந்தார்கள். டிரம் அண்ணன் குச்சிகளைத் தூக்கிப் பிடித்து, அறிவிப்பு அறையைப் பார்த்துத் தலையாட்டினார். சொல்லு, சொல்லு என்பதுபோல.

வீரர்கள் வரிசையில் நின்றார்கள். மஞ்சள் ஜெர்சியில் தம்பி.

படிக்கட்டில் மெருகு போட்ட ஷூ ஏறும் சத்தம் கேட்டது. பெரியவள் எழுந்து உள் தாழ்ப்பாளைப் போட்டாள். மைக்கைத் திறந்தாள். தாளை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்தக் கேலரிக்கு என் அப்பாவோட பேரை வச்சிருக்கோம். எங்களுக்கும் தளபதிக்கும் சம்பந்தம் இல்லைன்னு சொல்லத்தான் வந்தேன். அதை என்னால சொல்ல முடியல. என் அப்பாவோட அப்பா அன்னிக்குப் பாலத்துல துப்பாக்கியோட நின்னவர். தன் தளபதி பேரைத்தான் மகனுக்கு வச்சார்..."

மேலே சொல்ல விடவில்லை. வடக்கு கேலரி மொத்தமும் எழுந்துவிட்டது. கொடிகள் எழுந்தன. ஆயிரம் வாய்கள் ஒரே நேரத்தில் அந்தப் பெயரைச் சொல்ல ஆரம்பித்தன. ஒவ்வொரு முறைக்கும் ஒரு கால் மிதி, அணிவகுப்பு நடையில்.

"என் அம்மாவோட தாத்தா அதே பாலத்துல எதிரே நின்னவர்! வீட்டுக்கு வரவே இல்ல!" பெரியவள் கத்தினாள். "இது கோல்கீப்பரோட பேரு! தளபதிக்காகக் கூப்பிடறவங்க இறங்கிப் போங்க!"

அவள் குரல் ஒலிபெருக்கியில் ஏறி, அந்தச் சத்தத்துக்குள் காணாமல் போனது. யாரும் இறங்கவில்லை.

அவள் தெற்குக் கேலரியைப் பார்த்தாள். அங்கே யாரும் கத்தவில்லை, கல் எறியவில்லை. டிரம் அண்ணனின் கை மட்டும் தூக்கியபடியே நின்றது. பிறகு குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்று பெரியவளுக்குத் தோன்றியது.

கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தம்பி அண்ணாந்து அறிவிப்பு அறையைப் பார்த்தான். அவ்வளவு தூரத்திலிருந்து அவன் முகம் தெரியவில்லை.

முதல் பாதியில், சின்னப் பிள்ளைகூடப் பிடித்திருக்கக்கூடிய ஒரு பந்து அவன் கைகளுக்கு இடையில் நழுவி வலைக்குள் போனது. டிரம் ஒருமுறைகூட ஒலிக்கவில்லை.

* * *

இடைவேளையில் டிரம் அண்ணன் சலவை அறை வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"தங்கச்சி, உனக்கு இது எப்போ தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாலயே தெரியும் அண்ணே."

"ம்." அவர் தரையைப் பார்த்தார். "அவன் ஜெயிச்ச அன்னிக்கெல்லாம் இந்தக் கையால தோள்ல தூக்கிட்டுப் போயிருக்கேன். எங்க பாட்டி வீட்டுத் திண்ணைக்கு..." டிரம்மின் வாரை இழுத்துப் பிடித்தார். "எங்க பாட்டி அவனுக்குத் தன் கையால சாப்பாடு போட்டுச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீ."

"சொன்னா அவரை விளையாட விட்டிருப்பீங்களா?"

"மாட்டோம்," என்றார் டிரம் அண்ணன், யோசிக்காமல். "அதனால? அதைத் தீர்மானிக்கற உரிமை எங்களுக்கு இல்லையா?"

அவர் டிரம்மைத் தோளிலிருந்து கழற்றி, வாசலில் பத்திரமாக வைத்தார். குச்சிகளை அதன்மேல் வைத்தார். "கிளப்போட சாமான். கிளப்புக்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவருக்குப் பின்னால் தெற்குக் கேலரி வரிசை வரிசையாக எழுந்து, வாய் பேசாமல் கேட்டைத் தாண்டிப் போனது.

சின்னவன் தாழ்வாரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தான்.

"எனக்கு யாரும்மா இந்தப் பேரை வச்சா? தாத்தாவா?"

"உங்க தாத்தா அப்போ உயிரோடவே இல்ல. நான்தான் வச்சேன்."

"அப்பா?"

"வேணாம்னார். பாவம் குழந்தை, நான் சுமந்தது போதும்னார். நான் கேக்கல." அம்மா அவன் கண்களைப் பார்த்தே சொன்னாள். "மில் தெருவுல ஒருத்தராவது அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடணும்னு காத்திருந்தேன்டா. கூப்பிடவே இல்ல. நம்ம பிள்ளைக்கு வச்சா, நம்ம தெருப் பேரனாச்சேன்னு வாய் வந்துதானே ஆகணும்னு நினைச்சேன்."

"குட்டிச்சுவர்னு கூப்பிட்டாங்கம்மா," என்றான் சின்னவன். "பொறந்ததுலேர்ந்து. பேர் சொல்லாம இருக்கத்தான் அப்படின்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

அவள் கையை நீட்டினாள். அவன் பின்னால் நகர்ந்தான். வெறுப்பில் நகரவில்லை. சுடுபாத்திரத்திலிருந்து விலகுவதுபோல நகர்ந்தான். கையுறைகளை உருவித் துணிக்கூடையில் போட்டான். வாசலில் இருந்த டிரம்மைப் பார்த்தான். குனிந்து, வாரைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"எங்கடா போறே? இன்னும் பாதி ஆட்டம் இருக்கு!"

"அவர் சாமானை அவர்கிட்ட கொடுத்துட்டு வரேன்."

"இப்போ வேணாம்டா! இந்தச் சட்டையோட அந்தத் தெருவுக்குள்ள..."

அவன் போய்விட்டான்.

* * *

இரண்டாவது பாதிக்கு மாற்றுக் கோல்கீப்பர் இறங்குகிறார் என்று கீழே இருந்து சொல்லி அனுப்பினார்கள். வெளியே செல்பவர் இன்னார் என்று பெரியவள் அறிவிக்க வேண்டும். மைக்கைத் திறந்தாள். தம்பியின் பெயர் வாயில் வந்து நின்றது. அதைச் சொன்னால் வடக்கு கேலரி மறுபடி கத்தும் என்று நிமிர்ந்தவள், திகைத்தாள்.

வடக்கு கேலரி காலியாக இருந்தது. சிவப்பு எழுத்துகளுக்குக் கீழே வெறும் நாற்காலிகள். வெளியே தெருப் பக்கமிருந்து அணிவகுப்பு நடையின் கால் மிதி கேட்டது.

அவள் பின் ஜன்னலுக்கு ஓடி, அதைத் தள்ளித் திறந்தாள்.

கீழே மில் தெரு. கடைகளின் ஷட்டர்கள் இறங்கியிருந்தன. வீட்டுக் கதவுகளும் சாத்தியிருந்தன. நடுத்தெருவில் மஞ்சள் ஜெர்சி. தோளில் டிரம், முதுகில் கொட்டை எழுத்தில் அந்தப் பெயர். முடிதிருத்தும் கடைக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். அவன் ஓடவில்லை, நடந்துகொண்டிருந்தான்.

தெருமுனையில் அம்மா. இடுப்பில் சலவை அறை ஏப்ரனோடு, ஓட முடியாமல் ஓடிவந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக, மில் தெருவின் நடுவில் நின்று, மகனின் பெயரைச் சொல்லி வாய்விட்டுக் கூப்பிட்டாள்.

அவளுக்குப் பின்னால் தொப்பிகளும் கொடிகளும் தெருவுக்குள் திரும்பின. சாம்பல் கோட்டுக்காரர் கையை உயர்த்தினார். அம்மாவின் வாயிலிருந்து விழுந்த பெயரை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தெரு அதிர, காலை மிதித்து மிதித்து, திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

அத்தனை குரலில் எது அம்மாவுடையது என்று தெரியாமல் சின்னவன் நின்றான். திரும்பினான்.

மில் தெருவில் சாத்தியிருந்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.